எழுத்தாளர் வீட்டுச் சாவி அக்கா

ஊருக்கு வெளியே, கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிடம் ஏற்றத்தில் நடந்தால் அந்த வீடு வரும். மாடியில் மூன்று அறை. கீழே ஒரு கூடம், சமையலறை, அதை ஒட்டிச் சாவி அக்காவின் அறை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தன் வாழ்க்கை வரலாற்றை நிம்மதியாக உட்கார்ந்து எழுதுவதற்கென்று கட்டியது. குடிவந்த இரண்டாவது மாதமே அவர் போய்ச் சேர்ந்தார். முதல் பக்கத்தில் தலைப்பும் அதற்குக் கீழே தன் பெயரும் மட்டும் எழுதி வைத்திருந்தார். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, அவருடைய மனைவி வீட்டை எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்டார். தொந்தரவில்லாமல் எழுத நினைப்பவர்கள் விண்ணப்பித்தால் நாற்பது நாள் தங்கலாம். சாப்பாடு உண்டு, ஃபோன் கிடையாது. வருகிறவர்களின் ஃபோனை வாங்கிக் கூடத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அக்காவின் வேலைகளில் ஒன்று. அதனால்தான் அந்தப் பெயர். ஏதாவது அவசரம் என்றால் கூடத்தில் கம்பி இழுத்த பழைய தொலைபேசி ஒன்று இருந்தது.

நானும் அங்கே போய் உட்கார்ந்தவன்தான். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். ஒன்பது வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். பதினோரு பக்கம் ஆகியிருந்தது. மீதியை எழுத முடியாததற்கு மனைவி, பிள்ளைகள், விடைத்தாள் கட்டு, மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் என்று தினம் ஒருவரைக் கூண்டில் ஏற்றினேன். கடைசியில் மனைவியே விண்ணப்பத்தை நிரப்பித் தந்தாள்.

"போய்ட்டு வாங்க. எங்களுக்கும் நாப்பது நாள் நிம்மதி" என்றாள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, கொஞ்சம் வளைந்த முழங்கால், யாரைப் பார்த்தாலும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. என் ஃபோனை வாங்கி அணைத்து, ஒரு துண்டுத் தாளில் அறை எண்ணை எழுதி ரப்பர் வளையம் போட்டார்.

"நாலாம் நாள் வந்து கேப்பீங்க" என்றார்.

"கேக்க மாட்டேன்கா."

"எல்லாரும் நாலாம் நாள்தான் சார் கேப்பாங்க. ஒருத்தர் மட்டும் மூணாம் நாளே கேட்டாரு. அவரு கவிஞர்."

நான்காம் நாள் காலையில், டீ குடித்த கையோடு கேட்டேன். தரவில்லை.

இருபத்தொரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவர் அவர். கணவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மகளுக்கு நாலு வயது இருக்கும்போது வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பியவர், கிளம்பியவர்தான். அந்தப் பேச்சை எடுத்தால், "அவரும் கொஞ்சநாள் தனியா இருக்கணும்னுதான் போனாரு" என்பார் அக்கா. மகளை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் வார்டுக்கே கூட்டிப்போவார். வலியில் கத்துகிறவர்களுக்கும் பிறந்து கத்துகிறவற்றுக்கும் நடுவில், அழுக்குத் துணி போடும் பெட்டியின் மூடிமேல் நோட்டை விரித்து வைத்து அந்தப் பெண் வீட்டுப்பாடம் எழுதியது. பத்தாம் வகுப்புவரை அப்படித்தான். இப்போது அது வேறொரு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறது. ஆஸ்பத்திரி வேலைகளை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டபோது ஐம்பது தாண்டிய ஆயாக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் அக்கா இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

எங்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயத்தை அவர் மறைத்ததே இல்லை.

"வார்டுல இருக்கிறவங்க எப்படா வீட்டுக்குப் போவோம்னு இருப்பாங்க சார். இங்க வர்றவங்க ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாமலே வந்து படுத்துக்கிறாங்க."

பொய்யில்லை. வந்து இறங்குகிற எழுத்தாளன் முதல்நாள் மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்துவான். இரண்டாம் நாள், வெளியே காட்சி அழகாக இருந்து கவனத்தைக் கெடுக்கிறது என்று சுவர்ப்பக்கம் நகர்த்துவான். மூன்றாம் நாள் சுவர் ஜெயில் மாதிரி இருக்கிறது என்பான். அப்புறம் ஜலதோஷம் பிடிக்கும். இதில் ஒரு கட்டத்தையும் நான் தாண்டிக் குதிக்கவில்லை. எவனோ ஒருவனுக்குக் கடிகாரத்தின் டிக் டிக் ஆகாமல் போய்க் கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இன்னொருவனுக்காகக் குக்கர் விசில் தடை செய்யப்பட்டு, திறந்த பாத்திரத்தில் அரைமணி கூடுதலாக நின்று சோறு வடித்தார் அக்கா. தண்ணீர் மோட்டாரை மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள்தான் போடலாம். காலை பத்து மணிக்கு முன்னால் துடைப்பம் எடுக்கக்கூடாது. இவ்வளவுக்கும் நடுவில் எழுதப்பட்டது எவ்வளவு என்பது குப்பைக்கூடையைக் கொட்டுகிற அவருக்குத்தான் தெரியும்.

"பென்சில் சீவுன தூளுதான் சார் அள்ள முடியல. சீவுறதுக்கு ஒரு டாக்டர் பட்டம் இருந்தா உங்க எல்லாருக்கும் தரலாம்."

மகள் தினமும் சாயங்காலம் கூப்பிடும். அக்காவின் ஃபோன் சமையலறை அலமாரியில் இருக்கும். அது பழைய ஃபோன், அடித்தால் தெருவுக்கே கேட்கும். மகளின் குரல் அதைவிடப் பலமாகக் கேட்கும்.

"என்னம்மா, இன்னைக்கு உன் ஆளுங்க என்ன கிழிச்சாங்க?"

"ஆளுக்கு ஒரு கூடை கிழிச்சிருக்காங்கடி."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எழுத வந்தவன் படிக்கட்டில் நின்று ஒட்டுக் கேட்டதுதான் அந்த வீட்டில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம்.

மகள் மாசமாக இருந்தது. ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஒன்பது பிறந்ததும் லீவு போட்டுவிட்டு மகளிடம் போய்விடுவதாக அக்கா நீதிபதி வீட்டம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்.

மாடியில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தார். டிவி தொடருக்கு வசனம் எழுதுபவர். அவரைத் தொடர்காரர் என்போம். காலை எட்டுக்கு உட்கார்ந்தால் மதியம்வரை கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருப்பார். மாமியார் மருமகள் சண்டையை மூட்டை மூட்டையாக இறக்குகிற ஆள் என்று அவரை நான் இளக்காரமாகத்தான் பார்த்தேன். அந்த வீட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரே மனிதர் அவர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

என்னுடைய பத்தாம் நாள் விருதுக்காரர் வந்தார். பெரிய விருது ஒன்று, பதினைந்து வருடத்துக்கு முன்னால் வாங்கியது. அதை அவர் மறக்கவுமில்லை, மற்றவர்களை மறக்க விடவுமில்லை. கைத்தறி உடை, தோளில் ஒரு பை, நடையில் ஒரு களைப்பு. உலகத்துக்காகத் தான் ஒருவரே யோசித்துக்கொண்டிருப்பது போன்ற களைப்பு அது. ஃபோனைக் கொடுக்கும்போது, "இன்றோடு இந்தச் சங்கிலி அறுந்தது" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்காவின் ஃபோன் அடித்ததும் மனிதர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? நாங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கோம். நீங்க இங்க கடை விரிச்சா எப்படி?"

"பொண்ணு சார். மாசமா இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம்தான்."

"ஒரு வாக்கியத்தைப் பிடிக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. உங்க அஞ்சு நிமிஷத்துல அது ஓடிப்போயிடுது."

"ஓடுனா திரும்பி வராதா சார்?" என்று கேட்டார் அக்கா. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

விருதுக்காரர் வீட்டம்மாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார். அந்த வீட்டில் அவர் முழுதாக முடித்த எழுத்து அதுதான். வீட்டம்மா பயந்துபோனார். அவ்வளவு பெரிய எழுத்தாளர் மனம் கோணிப் போனால் வீட்டின் பெயர் என்னாவது? அக்காவின் ஃபோனும் பீரோவுக்குள் போக வேண்டும், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மட்டும் எடுத்துப் பேசிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது.

அக்கா என்னிடமும் தொடர்காரரிடமும் கேட்டார். "உங்களுக்கும் தொந்தரவா இருந்துச்சா சார்?"

"எனக்கு வீட்ல நாலு பிள்ளைங்க. சத்தம் இல்லன்னாதான் கை ஓடாது" என்றார் தொடர்காரர்.

நான், "பெரியவர் சொல்றார்னா..." என்று இழுத்தேன். அக்கா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். தன் ஃபோனின் சத்தத்தை அடக்கி, அதற்கும் ஒரு ரப்பர் வளையம் போட்டு உள்ளே வைத்துப் பூட்டினார். கூடத்துத் தொலைபேசி எண்ணை மகளுக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் தொலைபேசி இரண்டு நாள் கழித்து ஒருமுறை அடித்தது. யாரோ தவறாகக் கூப்பிட்ட எண். அடுத்த நாள் மதியம் சாப்பிட இறங்கியபோது, விருதுக்காரர் குனிந்து அதன் ஒயரைச் சுவரிலிருந்து உருவி எடுப்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துப் புன்னகை செய்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார் அல்லவா?

அது நடந்து ஐந்தாம் நாள். மாலை நாலு மணி இருக்கும். வெளி கேட்டில் மோட்டார் பைக் ஹாரன் விடாமல் அடித்தது. விருதுக்காரர் மாடி வராந்தாவுக்கு வந்து, "யாருய்யா அது காட்டுமிராண்டி?" என்று கத்தினார். வந்தவர் பஸ் நிறுத்தத்து மளிகைக்கடைக்காரர். அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி ஓடினார்.

"அக்கா, உங்க பொண்ணோட வேலை பாக்கிறவங்க கடைக்கு ஃபோன் பண்ணாங்க. ஆஸ்பத்திரியில சேத்திருக்காம். காலையிலேர்ந்து உங்கள புடிக்க முடியலையாம். ஏறுங்க, பஸ் வர்ற நேரம்."

அக்கா உள்ளே வந்து பீரோவைத் திறந்து ஃபோனை எடுத்துப் பார்த்தார். பதினேழு அழைப்புகள். முதலாவது காலை ஒன்பதரைக்கு வந்திருந்தது. பிறகு கூடத்துத் தொலைபேசியிடம் போனார். மேசைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒயரைக் கையில் எடுத்தார். நான் சோஃபாவில் உட்கார்ந்து பழைய பேப்பர் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இத யார் சார் புடுங்கினது?"

"தெரியலக்கா" என்றேன்.

பீரோக் கதவைச் சாத்திப் பூட்டினார். தினசரிப் பழக்கம், கை தானாகச் செய்தது. சாவி இடுப்புக்குப் போனது. ஒரு துணிப்பையோடு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் விருதுக்காரர் உற்சாகமாக இருந்தார். "பார்த்தீங்களா? இப்பத்தான் உண்மையான தனிமை. துடைப்பச் சத்தம்கூட இல்ல. இதைத்தான் நான் வருஷக்கணக்கா தேடிக்கிட்டிருந்தேன்." தொடர்காரர் முட்டை பொரித்து ரொட்டி சுட்டுக் கொடுத்தார். தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் பெரியவர் மாடிக்குப் போனார்.

மதியம் மூன்று முறை இறங்கி வந்தார். மோட்டார் போடத் தெரியுமா என்று கேட்டார். வீட்டம்மாவுக்கு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டாமா என்று கேட்டார். ஒயரைத் திரும்பச் சொருகிப் பார்த்தார். உருவும்போதே முனை உடைந்திருந்தது. பீரோவின் கைப்பிடியைச் சும்மா திருகிப் பார்த்தார்.

"சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. இது திமிரு."

"பதட்டத்துல போயிருப்பாங்க" என்றார் தொடர்காரர். "அவசரம்னா நாம கடைவரைக்கும் நடந்து போய்ப் பேசலாமே?"

விருதுக்காரருக்கு அவசரம் எதுவும் இல்லை. ஃபோன் மட்டும் வேண்டும். யாருக்குப் பேச, எதற்குப் பேச என்று ஒன்றும் கிடையாது. அவருக்குத் தனிமை வேண்டுமானால், அதைக் காவல் காக்க ஓர் ஆள் வேண்டும். கேட்டால் மறுக்க ஓர் ஆள் வேண்டும். இவர் தனியாக இருப்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆளும் போய்ச் சாவியும் போன பிறகு மனிதருக்கு மூச்சு முட்டிவிட்டது. எனக்கும்தான். மேலே போய் உட்கார்ந்து, பன்னிரண்டாம் பக்கத்தின் முதல் வரியை எழுதி அடித்தேன். எழுதி அடித்தேன்.

இரண்டாம் நாள் மதியம் விருதுக்காரர் மோட்டார் அறையிலிருந்து சுத்தியலும் ஒரு கம்பியும் கொண்டு வந்தார். தொடர்காரர், "வேண்டாங்க, இன்னொருத்தர் வீடு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதப் போய்விட்டார். நான் பீரோவைப் பிடித்துக்கொண்டேன். மனித மனதின் ஆழங்களை ஆராய்கிறவர் என்று விருதுச் சான்றிதழில் குறிப்பிடப்பட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் பூட்டை நெம்பினார். இருபது நிமிடம் ஆனது. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அவ்வளவு சத்தம் அங்கே கேட்டிருக்காது.

ஃபோனை உயிர்ப்பித்தார். நானும் என்னுடையதைத் திறந்தேன். கேஸ் சிலிண்டர் யார் பெயரில் இருக்கிறது என்று மனைவி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். தானே கண்டுபிடித்துவிட்டதாக அடுத்த செய்தி. இருபத்து மூன்று நாளில் அவ்வளவுதான். விருதுக்காரர் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். ஃபோன் கம்பெனி அனுப்பிய விளம்பரம் தவிர அவருக்கு ஒன்றுமே இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை, தேடவில்லை. "சிக்னல் சரியில்ல" என்றார். அன்றைக்கே கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் நானும் கிளம்பினேன். தொடர்காரர் மட்டும், வந்த வேலையை முடித்து, நெளிந்த பீரோக் கதவைத் தட்டி நிமிர்த்திவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மகள் கதையைப் பிறகு மளிகைக்கடைக்காரர்தான் எனக்கு ஃபோனில் சொன்னார். அன்று காலை ஒன்பதரைக்கு வலி எடுத்திருக்கிறது. நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்த வலி. அது நிஜ வலியா, சும்மா வந்து போகிற வலியா என்று அம்மாவைக் கேட்கத்தான் அந்தப் பெண் கூப்பிட்டது. இருபத்தொரு வருடம் பிரசவ வார்டில் இருந்தவர். மகள் மூச்சு விடுவதைக் கேட்டே சொல்லிவிடுவார். கூடத்து எண்ணிலாவது அம்மா எப்படியும் எடுப்பார் என்று இரண்டு எண்ணுக்கும் இரண்டு மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே வீட்டில் உட்கார்ந்திருந்தது. ரத்தம் போக ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. ஆபரேஷனுக்குத் தானே கையெழுத்துப் போட்டது. குழந்தை பிழைத்தது, கண்ணாடிப் பெட்டியில் இருபத்தாறு நாள் இருந்து. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கண் விழித்து அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா எடுக்கல?" என்பதுதான். அக்கா என்ன சொல்வது? ஒருவர் வாக்கியம் பிடித்துக்கொண்டிருந்தார் என்றா?

வீட்டம்மா அந்த மளிகைக்கடைக்காரரையே அக்காவிடம் அனுப்பினார். சொல்லாமல் போனது தப்பு, சாவியை எடுத்துப் போனது அதைவிடத் தப்பு, இருந்தாலும் பெரியவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலைக்குத் திரும்பலாம் என்று செய்தி. அக்கா அவரிடம் சாவியைக் கொடுத்தனுப்பினார். கடிதம் இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு இதழில் விருதுக்காரரின் கட்டுரை வந்தது. ஒரு பக்கம் முழுக்க, கன்னத்தில் கை வைத்த படத்தோடு. எளிய பணிப்பெண் ஒருத்தி, தன்னை அறியாமலேயே சாவியோடு சென்று, தனக்கு முழுமையான மௌனத்தைப் பரிசளித்ததாக எழுதியிருந்தார். அந்த மௌனத்தில் தன்னைத் தானே சந்தித்தாராம். சுத்தியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. "கண்ணில் நீர் வந்தது" என்று எனக்குத் தெரிந்த மூன்று பேர் அதைப் பாராட்டினார்கள். "நானும் அங்கதான் இருந்தேன்" என்று அவர்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சொல்லி முடித்தபிறகுதான் என் வாயை நானே கழுவ வேண்டும்போல இருந்தது.

அடுத்த வாரம் அக்காவைத் தேடிப் போனேன். மகள் இருக்கும் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் மறுபடி வார்டு வேலைக்குச் சேர்ந்திருந்தார். காவலாளி உள்ளே சொல்லி அனுப்பியதும் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"எந்த ரூம் சார் நீங்க?" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"அந்த வீட்ல இருந்தேன்கா. கணக்கு வாத்தியார். அந்த ஒயர்..."

"ஆமா. பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தீங்க."

"எனக்குத் தெரியும்கா, அன்னைக்கு. அவர்தான் புடுங்கினார். நான் பார்த்தேன். சொல்லல."

"எனக்கும் தெரியும் சார். பொய் சொல்றவங்க மூஞ்சி இருபத்தொரு வருஷமா பாத்திருக்கேன். ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்லிட்டு ஆபரேஷனுக்கு வந்து படுத்துக்குவாங்க."

மன்னிப்புக் கேட்டேன். கூடவே, நடந்ததை நடந்தபடி எழுதலாம் என்று இருப்பதாகவும், அதற்கு அவரிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். பையிலிருந்து நோட்டை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன். அக்கா அவற்றைப் பார்த்தார். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள்.

"இங்கயே உக்காருங்க. வந்துடறேன்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்ட்ரெச்சர்கள் போயின, வந்தன. கடைசியில் காவலாளியிடம் விசாரித்தேன்.

"அந்தம்மாவா? ஷிஃப்ட் முடிஞ்சி அப்பவே பின்வாசல் வழியா போய்ட்டாங்களே" என்றவர், ஆள் மாறும் நேரம், நாற்காலி வேண்டும் என்றார். எழுந்து கொடுத்தேன்.